கறுவலின் கண்ணும் படலையில் வேப்பங்குழையும்

அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. பூனையை மாட்டு டொக்டரிடம் காட்டிவிட்டு, பின்னேரத்துக்கு முன் வீடு திரும்பி, நல்ல வேட்டி கட்டிக்கொண்டு, வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டும்.

வருகிறவர்கள் தம்பலகாமத்துக்காரர். என் தங்கச்சி பவளத்தைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை யோகராசா நீர்ப்பாசனத்தில் ஓவசியர். சம்பந்தத்தைக் கொண்டுவந்தது எதிர்வீட்டு மங்கையக்கா. மாப்பிள்ளையின் தாய்க்கு அவ ஒன்றுவிட்ட தங்கச்சி.

இது எழுபதுகளில் நடந்த கதை. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். துறைமுகக் கந்தோரில் கிளாக்கராக இருந்த நான்தான் வீட்டுக்குப் பெரியவன். எனக்கென்று உப்புவெளியில் செல்வி என்று ஒருத்தியைப் பேசி வைத்திருந்தது. அவளுடைய தகப்பன் கண்டிப்பான மனிதர்.

"தங்கச்சியின்ர காரியத்தை முடிச்சுப்போட்டு வாரும் தம்பி. அடுத்த முகூர்த்தம் உமக்கு" என்று சொல்லிவிட்டார்.

ஆகவே பவளத்துக்குச் சரிவந்தால் எனக்கும் சரிவரும். பவளத்துக்குப் பிழைத்தால் எனக்கும் பிழைக்கும். அன்றைக்கு நான் யாருடைய கலியாணத்தை நினைத்து அதிகம் பதறினேன் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

காலையில் எழும்பிப் பார்த்தால் எங்கள் பூனை கறுவல் இடது கண்ணை இடுக்கிக்கொண்டு குசினி வாசலில் இருக்கிறான். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடுகிறது. கிட்டப் போய்ப் பார்த்தேன். கண்ணின் மூலையில் வெள்ளையாக ஒரு நூல்.

"பவளம், இவன்ர கண்ணுக்குள்ள நூல் போயிட்டுது. லேஞ்சியை எடுத்துவா, இழுத்து விடுவம்."

லேஞ்சித் துணியின் நுனியைக் கிட்டக் கொண்டுபோனேன். நூல் நெளிந்தது. நெளிந்து, கண்ணின் குறுக்கே நிதானமாக நீந்தி, மற்றப் பக்கத்து இமைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

நான் போட்ட சத்தத்தில் கறுவல் அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டான்.

"அண்ணா, அது நூல் இல்லை. புழு" என்றாள் பவளம்.

"அது எனக்கும் இப்ப விளங்கிட்டுது."

"மாட்டு டொக்டரிட்டக் கொண்டுபோங்கோ."

"இண்டைக்கோ? நாளைக்குக் கொண்டுபோறன்."

"இந்தக் கண்ணோட இவனை விட்டுப்போட்டுச் சேலை உடுத்துக்கொண்டு என்னால சிரிக்க ஏலாது. நீங்கள் கொண்டுபோகாட்டி நான் அறையைவிட்டு வெளிய வரமாட்டன்."

பவளம் சொன்னால் சொன்னதுதான். எனக்குச் செல்வியின் முகம் ஞாபகம் வந்தது. உடனே பூனையைப் பிடித்தேன்.

பூனையைக் கொண்டுபோவதற்கென்று எங்கள் வீட்டில் ஒரு சாமானும் இல்லை. மீன் வாங்கப் போகும் ஓலைப்பை, உமல்தான் இருந்தது. அதற்குள்ளே கறுவலை இறக்கி, வாயைக் கட்டி, சைக்கிள் ஹாண்டிலில் கொழுவிக்கொண்டு புறப்பட்டேன். மீன் மணத்துக்கு அவன் முதலில் சந்தோசமாகத்தான் இருந்தான். உள்ளே மீன் இல்லை என்று கண்டுபிடித்த பிறகுதான் கத்தத் தொடங்கினான்.

துறைமுக வீதி முழுக்கக் கத்திக்கொண்டே வந்தான்.

கிண்ணியா வள்ளத்தில் வந்திறங்கிய ஒரு முஸ்லிம் நானா என்னை மறித்தார்.

"தம்பி, பூனையைக் கடற்கரையில விடத்தானே கொண்டுபோறீங்க?"

"இல்லை நானா, டொக்டரிட்டக் கொண்டுபோறன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. பூனையைக் கொண்டுபோய் விடுறது பெரிய பாவம்."

அவர் நம்பவில்லை. நான் மாட்டாஸ்பத்திரிப் பக்கம் திரும்பும் மட்டும் பின்னால் நடந்து வந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

மாட்டாஸ்பத்திரி முற்றத்தில் எருமைகளும் காளைகளும் நிறைந்திருந்தன. ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் ஆள். நான் என்னுடைய உமலுடன் ஒரு பெரிய காளைக்குப் பின்னால் நின்றேன். என் முறை வந்தது.

"என்ன கொண்டுவந்தனீங்கள்?" என்று டொக்டர் கேட்டார்.

"பூனை."

முற்றத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஓர் எருமைகூடத் திரும்பிப் பார்த்தது.

"பூனைக்கு என்ன?"

"கண்ணுக்குள்ள புழு."

டொக்டரின் முகம் மாறியது. நல்ல சாப்பாட்டைக் கண்டவர் மாதிரிக் கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கறுவலின் இமையை மெல்ல விரித்தார்.

"அருமையாக் கிடக்கு" என்றார்.

"அருமையோ?"

"மாட்டில நிறையக் கண்டிருக்கிறன். பூனையில இப்பத்தான் காணுறன். ஈயாலதான் வாறது. கண்ணீர் குடிக்க வந்து இருக்கேக்க குஞ்சுப் புழுவை விட்டிட்டுப் போயிடும். உங்கட வீட்டுக்குப் பக்கத்தில ஈ கூடவோ?"

"பக்கத்து வளவு கருவாடு காயவைக்கிற வாடி, டொக்டர்."

"பிறகென்ன."

கண் மரத்துப்போக ஒரு துளி மருந்து விட்டார். கறுவலை ஒரு சாக்கில் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரிய மேசையில் வைத்தார். தலையை அசையாமல் பிடிப்பதுதான் என் வேலை. சின்னக் குறடு ஒன்றை எடுத்து இமைக்குள்ளிருந்து ஒரு புழுவைப் பிடித்து மெல்ல இழுத்தார். அது நீளமாக வந்தது. பிறகும் வந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணை மூடினால் கையும் தளரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

கறுவல் சாக்கிலிருந்து நழுவி, ஓடுவதற்கு வேறு வழி இல்லாமல், என் முகத்தில் ஏறினான். முகத்திலிருந்து தலைக்குப் போனான். தலையில் நின்று முற்றத்து எருமைகளைக் கண்டதும் திரும்பவும் முகத்தாலேயே இறங்கினான்.

"பூனைக்கு ஒண்டும் இல்லை" என்று டொக்டர் என்னைத் தேற்றினார்.

என்னுடைய நெற்றி, கன்னம், கழுத்து எல்லாம் நகம் பதிந்து புள்ளி புள்ளியாகச் சிவந்திருந்தது. ஸ்பிரிட் போட்டார். புள்ளிகள் எல்லாம் உடனே வீங்கி எழும்பின. பிறகு ஒரு சின்னப் போத்தலில் புழுவைப் போட்டு என் கையில் தந்தார்.

"வீட்டில காட்டுங்கோ. இன்னும் ஒண்டு உள்ளுக்க ஒளிச்சிருக்கு, அது இண்டைக்கு அகப்படாது. நான் அந்தப் பக்கம் வரேக்க வந்து எடுத்துவிடுறன். அதுமட்டும் பூனையை இருட்டறையில வைச்சிருங்கோ. ஈயை அண்ட விடாதேங்கோ. வேப்பங்குழை கட்டினா நல்லது."

இங்கேதான் என் புத்தி வேலை செய்யத் தொடங்கியது. அது வேலை செய்யாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

வீட்டுக்கு வந்து கறுவலை அறைக்குள் விட்டேன். வேம்பில் ஏறி இரண்டு கை நிறையக் குழை முறித்தேன். அறை வாசலில் கட்டப் போனபோது யோசனை வந்தது. ஈ எங்கேயிருந்து வருகிறது? வாடியிலிருந்து. எந்த வழியாக? தெருவாசல் படலை வழியாக. அப்படியென்றால் படலையிலேயே மறித்துவிட்டால் என்ன? பெரிய குழையாகப் பார்த்துப் படலையின் இரண்டு பக்கமும் கட்டினேன். மிச்சத்தை விறாந்தை வாசலில் தொங்கவிட்டேன்.

பவளம் என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

"இந்த முகத்தோடயோ அவையளுக்கு முன்னால நிக்கப் போறீங்கள்? இருங்கோ, மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுப் பூசிவிடுறன். கொஞ்ச நேரத்தில வத்திப்போகும். அவையள் வரமுதல் கழுவலாம்."

முகம், கழுத்து, நெஞ்சு என்று பூசிவிட்டாள். சட்டையில் படும் என்று சட்டையைக் கழற்றினேன். இடுப்பில் ஒரு வெள்ளை வேட்டி. கையில் ஒரு வேப்பங்குழை, ஈ கலைக்க. அப்படியே விறாந்தையில் பாயைப் போட்டுச் சாய்ந்தேன்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். படலையில் வேப்பங்குழை கட்டியிருந்தால் அந்த வீட்டில் யாருக்கோ அம்மாள் வருத்தம், அதாவது அம்மை நோய், என்று அர்த்தம். கொப்புளிப்பான், சின்னமுத்து என்று பெயரைக்கூட வாயால் சொல்ல மாட்டார்கள். அம்மாள் வந்திருக்கிறா என்பார்கள். அந்த வீட்டுக்குள் ஒருவரும் நுழைய மாட்டார்கள். வீட்டுக்காரரும் ஒருவரையும் 'வாங்கோ' என்று கூப்பிடக் கூடாது. வருத்தம் மாறி, மூன்று முறை தண்ணீர் வார்த்து முழுகிய பிறகுதான் குழையை அவிழ்ப்பார்கள்.

எனக்கு இது எல்லாம் நன்றாகத் தெரியும். அன்றைக்கு என் தலைக்குள் ஈ மட்டும்தான் இருந்தது.

பஸ்ஸில் வருவதாகச் சொன்னவர்கள் கார் பிடித்துக்கொண்டு நேரத்தோடு வந்துவிட்டார்கள்.

ஹோர்ன் சத்தம் கேட்டு எழும்பினேன். மாப்பிள்ளையின் தாய் காரிலிருந்து ஒரு காலை வெளியே வைத்தவ, படலையைப் பார்த்தா. வைத்த காலை உள்ளே எடுத்தா. செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பவும் இறங்கி, படலைக்கு வெளியிலேயே நின்று கும்பிட்டா. பக்கத்தில் மாப்பிள்ளை. அவர்களைக் கூட்டிவரக் காலையிலேயே தம்பலகாமம் போயிருந்த மங்கையக்கா, வாயில் கை வைத்தபடி பின்னால் நின்றா.

நான் பல்லைக் காட்டிக்கொண்டு, மஞ்சள் முகத்தோடு, வேப்பங்குழையும் கையுமாக ஓடிப்போனேன்.

"வாங்கோ மாமி, வாங்கோ வாங்கோ."

மாமி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டா.

"தம்பிக்கோ?" என்று மெல்லக் கேட்டா.

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றாக விளங்கியது. படலை, குழை, மஞ்சள், வெள்ளை வேட்டி.

"ஐயோ மாமி, இது அம்மாள் இல்லை. இது பூனையாலை வந்தது."

"பூனையாலையோ?"

"பூனையின்ர கண்ணுக்குள்ள புழு. அதாலதான் குழை கட்டினது."

மாமி மங்கையக்காவைத் திரும்பிப் பார்த்தா.

"என்ன மங்கை, வீட்டில புழு எண்டுறார். அம்மாள் எண்டாலும் பறவாயில்லை, அவ வந்த வீடு நல்ல வீடு. புழு வைச்ச வீட்டில எப்பிடிச் சம்பந்தம் கதைக்கிறது?"

இவ்வளவில் நான் வாயை மூடியிருக்கலாம். உண்மையைச் சொன்னால் எல்லாம் சரிவரும் என்று அந்த வயதில் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. ஓடிப்போய்ப் போத்தலை எடுத்துவந்தேன்.

"புழு வீட்டில இல்லை மாமி. இஞ்ச பாருங்கோ, இதுக்குள்ளதான் கிடக்கு. இன்னும் ஒண்டுதான் மிச்சம். அதுவும் பூனைக்குள்ளதான்."

போத்தலை அவவின் முகத்துக்கு நேரே பிடித்தேன். மாமி காருக்குள் ஏறி இருந்துவிட்டா.

என் கலியாணம் காருக்குள் ஏறிப் போகப் போகிறது. எனக்கு வேர்த்து, மஞ்சள் கண்ணுக்குள் வழிந்தது.

அப்போது பின்னால் சேலை சரசரக்கும் சத்தம். பவளம் அரைவாசி தலை பின்னியபடி ஓடிவந்தாள். என் கையிலிருந்து போத்தலைப் பறித்து இடுப்பில் செருகினாள். பிறகு மிகவும் பணிவாகச் சொன்னாள்.

"குறை நினையாதேங்கோ மாமி. அண்ணாவுக்குக் காய்ச்சல் தலைக்கு ஏறிட்டுது. விடியத் தொடக்கம் பூனை, புழு எண்டுதான் அலட்டுறார்."

"அப்ப அம்மாள்தானோ பிள்ளை?"

"ஓம் மாமி."

"இல்லை மாமி, உண்மையாப் புழு..." என்றேன் நான்.

"பாருங்கோ மாமி" என்றாள் பவளம், கண் கலங்கியவள் மாதிரி.

மாமியின் முகம் அப்படியே இளகிப்போயிற்று.

"அவ வந்த இடத்தில நாங்கள் குறை சொல்லலாமோ. தனிய நிண்டு அண்ணனைப் பார்க்கிற பிள்ளை, பாவம். மூண்டாந் தண்ணி வாத்தாப் பிறகு கதைப்பம்."

மாப்பிள்ளையின் பார்வை பவளத்தை விட்டுப் போகவே இல்லை. தலை பின்னி முடிக்காமல், வேப்பங்குழைக்கு நடுவில், தெருவில் வைத்துப் பெண் பார்த்த ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார். காருக்குள் ஏறும்போது எனக்குத் தெரியாமல் சிரித்தார். பவளம் எனக்குத் தெரியாமல் தலையைக் குனிந்தாள். எனக்கு இரண்டும் தெரிந்தது.

அம்மாள் வீட்டில் விடைபெறுவதில்லை. ஒன்றும் சொல்லாமல் கார் போயிற்று.

"விசரோ உனக்கு?" என்று நான் பவளத்தைக் கேட்டேன்.

"போய்ப் படுங்கோ. மங்கையக்கா பார்க்கிறா."

அன்றைக்குப் படுத்தவன்தான்.

மங்கையக்காவின் யன்னல் எங்கள் படலைக்கு நேரே. அவவுக்குத் தெரிந்தால் தம்பலகாமத்துக்குத் தெரியும். கந்தோருக்கு அவவின் புருசன்தான் செய்தி கொண்டுபோனார். "மூண்டாந் தண்ணிக்கு முதல் இந்தப் பக்கம் தலை காட்ட வேண்டாம்" என்று தலைமைக் கிளாக்கர் பதில் அனுப்பினார். முதல் தடவையாக லீவு கேளாமலேயே கிடைத்தது. அனுபவிக்க விடாமல் பவளம் பார்த்துக்கொண்டாள்.

அம்மாள் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் சமைக்கக் கூடாது. பொரிக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது. எனக்குக் கஞ்சி. காலையில் கஞ்சி, மத்தியானம் தயிர்ச்சோறு, திரும்பவும் கஞ்சி. மங்கையக்கா பக்தியோடு இளநீர் கொண்டுவந்து படலையில் வைத்துவிட்டுப் போவா.

"பவளம், ஒரே ஒரு துண்டு பாரைமீன்..."

"பொரிச்சா மணம் எதிர்வீட்டுக்குப் போகும். உங்களுக்குப் பாரை வேணுமோ, செல்வியண்ணி வேணுமோ?"

நான் கஞ்சியைக் குடித்தேன்.

கறுவலுக்கு இந்தச் சட்டம் ஒன்றும் இல்லை. வீட்டில் மீன் மணம் இல்லை என்றதும் இருட்டறை யன்னலால் இறங்கி மங்கையக்கா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவான். வந்து, வாயை நக்கிக்கொண்டு, என் நெஞ்சில் ஏறிப் படுப்பான். பாரைமீன் மணம் எனக்கு நேரே அடிக்கும். ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்ப்பான். அந்தக் கண்ணில் கொஞ்சமும் நன்றி இல்லை.

ஒருநாள் டொக்டரின் ஜீப் படலையில் வந்து நின்றது. குழையைப் பார்த்துவிட்டு அவர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"பூனை எப்பிடி?"

"பூனை நல்ல சுகம் டொக்டர். நான்தான் படுக்கையில."

மிச்சப் புழுவை எடுப்பதற்குத் திரும்பவும் சாக்கு, திரும்பவும் குறடு. தலையைப் பிடிக்க நான். இந்த முறை கண்ணை மூடக்கூடாது என்று முடிவுசெய்து, புழு முழுவதாக வெளியே வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். சாக்கைப் பிடித்திருந்த பவளம் பின்னங்காலைப் பார்க்கவில்லை. சாக்குக்கு வெளியே வந்த பின்னங்கால் என் தொடையில் இறங்கியது. நான் கத்திய கத்து துறைமுகத்தில் நின்ற கப்பலுக்கும் கேட்டிருக்கும்.

ஜீப் போனவுடன் மங்கையக்கா தெருவுக்கு வந்துவிட்டா.

"என்ன பிள்ளை, மாட்டு டொக்டர் வந்திட்டுப் போறார்?"

"அவர் அண்ணாவின்ர கூட்டாளி, அக்கா. சுகம் விசாரிக்க வந்தவர்" என்றாள் பவளம்.

"தம்பி கத்தினது கேட்டுது."

"ஓம் அக்கா. இண்டைக்குக் கொஞ்சம் கடுமை."

மங்கையக்கா அன்றைக்கே தம்பலகாமத்துக்கு ஆள் அனுப்பியிருக்கிறா. அது எனக்கு அப்போது தெரியாது.

மூன்றாந் தண்ணியும் வார்த்தாயிற்று. படலையிலிருந்து குழையை அவிழ்த்தேன். கறுவலின் கண் முத்து மாதிரித் தெளிந்துவிட்டது. மாமியும் மாப்பிள்ளையும் திரும்பி வந்தார்கள். பவளம் தேத்தண்ணீர் கொடுத்தாள். மாமி அவளைப் பக்கத்தில் இருத்திக் கையைப் பிடித்துக்கொண்டா.

"இப்பிடிப் பொறுப்பான பிள்ளையை நாங்கள் எங்க தேடுறது. ஆவணியில வைப்பம்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆவணியில் பவளத்துக்கு. அப்படியென்றால் ஐப்பசியில் எனக்கு. செல்வியின் தகப்பனிடம் எந்தச் சட்டையில் போவது என்றுகூட யோசித்துவிட்டேன். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு மாமிக்கு இன்னொரு வாழைப்பழம் நீட்டினேன்.

மாமி பழத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தா.

"தம்பி, ஒரு தழும்புகூட இல்லாமல் அம்மாள் காப்பாத்திப்போட்டா. அண்டைக்கு நீங்கள் கத்தின கதையை மங்கை சொல்லி அனுப்பினவுடன எனக்கு நெஞ்சு பதறிப்போச்சு. நேர கோயிலுக்கு ஓடிப்போய் உங்களுக்காக நேர்ந்துபோட்டன்."

"பெரிய உபகாரம் மாமி. என்னெண்டு நேர்ந்தனீங்கள்?"

"வாற வைகாசிச் சடங்குக்குத் தம்பி காப்புக் கட்டித் தீ மிதிப்பார் எண்டு. அதுமட்டும் மச்சமும் இல்லை, கலியாணமும் இல்லை."

அப்போது ஆடி பிறந்து கொஞ்ச நாள்தான்.

நான் பவளத்தைப் பார்த்தேன். பவளம் நிலத்தைப் பார்த்தாள். எனக்கு அம்மாள் வரவில்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். சொன்னால் பவளம் சொன்ன பொய் வெளிக்கும், ஆவணியும் போகும், ஐப்பசி எப்படியும் வராது. திறந்த வாயில் அந்த வாழைப்பழத்தையே உரித்து வைத்தேன்.

செல்வியிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன். முழுவதையும் கேட்டாள். கோபப்படப் போகிறாள் என்று நினைத்தேன்.

"பூனைக்கு இப்ப கண் வடிவாத் தெரியுதோ?"

"தெரியுது."

"உங்களுக்குத்தான் அண்டைக்குத் தெரியேல்லை" என்றாள்.

அவளுடைய தகப்பனுக்கோ தலை கால் தெரியாத சந்தோசம். தன் மருமகன் தீ மிதிக்கப் போகிறான் என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

சொன்னபடி வைகாசியில் மிதித்தேன். ஆனியில் தாலி கட்டினேன். எங்கள் ஊரில் அம்மாளுக்காகத் தீ மிதித்தவர்கள் ஏராளம். பூனையின் கண்ணுக்காக மிதித்தவன் நான் ஒருவன்தான்.